வீடு பார்க்க வந்தவர்கள்

கல்லூரி அலுவலகத்து ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் லோகப்பிரியாவுக்குச் சண்டை போடவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஃபீஸ் கட்டலைன்னா ஹால் டிக்கெட் வராதும்மா. நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். திங்கட்கிழமை பரீட்சை. அன்று வியாழன்.

உணவுத் தொழில்நுட்பம், மூன்றாம் வருடம். இதுவரை ஒரு பாடத்திலும் தவறாத பெண். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு நாட்டில் உதவிக்கா பஞ்சம் என்று அவளிடம் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களில் ஒருத்தராவது ஒரே ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு உதவித்தொகை முதல் வருடத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். ஒரு விருது, ஓடியோ எறிந்தோ பதக்கம் வாங்கியவர்களுக்கு. இன்னொன்றுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. கடைசி நாளன்று அந்த வெப்சைட் காலையிலிருந்து சுற்றிச் சுற்றியே ஓய்ந்துபோனது. மற்றொன்று அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு. அதை மட்டும் அவள் தேவைக்கு மேலே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன்மீதே வெறுப்பு வந்து ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

கடைசியில் ஒரு அறக்கட்டளையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அவளுடைய தோழி ரிஃபானா. போத்தனூர்க்காரி, ஊரில் எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரிந்து வைத்திருப்பவள். அந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் சில மாணவர்களுக்குப் படிப்பு முடியும் வரை ஃபீஸைக் கட்டிவிடும். லோகப்பிரியா எழுதிப் போட்டாள், நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், போனாள், அதிலும் தேறினாள். இனி பாக்கி ஒன்றுதான். சான்றிதழை நம்புவது அவர்கள் வழக்கம் இல்லை. யாரென்று சொல்லிக்கொள்ளாமல், முன்கூட்டித் தகவலும் தராமல், வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். பார்த்து எழுதியதை வைத்துத்தான் கமிட்டி முடிவு செய்யும். கமிட்டி கூடுவது மறுநாள்.

இன்னும் யாரும் வரவில்லை.

"வருவாங்கடி, இன்னைக்குக்கூட வரலாம். நீ பேசாம ஊட்டுக்குப் போ" என்றாள் ரிஃபானா. "உங்கப்பா கிட்டச் சொல்லிட்டேல்ல?"

லோகப்பிரியா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சொல்லியிருந்தால்தானே.

அவளுடைய அப்பா ஈஸ்வரமூர்த்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பல்லடத்துக்குக் கிழக்கே தோட்டத்து வீடு. தோட்டம் என்று பெயர்தான். ஆழ்துளைப் போர் வறண்டு, தென்னை எல்லாம் தலை இல்லாமல் நிற்கிறது. மாடுகளை விற்று, மோட்டாரை விற்று, இப்போது பங்காளி ஒருத்தரின் கோழிப்பண்ணையில் கூலி வேலை. ஆனால் காலையில் அவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் டிவிஎஸ்ஸில் கிளம்புவதைப் பார்த்தால் பண்ணையே அவருடையது என்று தோன்றும். அங்கே போய் லுங்கிக்கு மாறி, கோழிக்குத் தீனி போட்டு, எரு அள்ளி, குளித்து, மறுபடி வெள்ளைக்கு மாறித்தான் வீடு திரும்புவார். இது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

லோகப்பிரியா பள்ளியில் படிக்கும்போது, ஏழை மாணவர்களுக்கு என்று மேடையில் கூப்பிட்டு ஒரு பை கொடுத்தார்கள். கூட்டத்தில் இருந்த அப்பா எழுந்து மேடைக்கே போனார். பையை மகள் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்து, "வேற புள்ளைக்குக் குடுங்க. நாங்க கை நீட்டற குடும்பம் இல்லீங்க" என்று கும்பிட்டுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். அன்று அவள் அப்பாவைப் பெருமையாகத்தான் பார்த்தாள். சின்னப் பெண்ணுக்குப் பெருமை இலவசமாகக் கிடைக்கிறது. இந்த விண்ணப்பத்தில் அம்மாதான் கையெழுத்துப் போட்டாள், அப்பாவுக்குத் தெரியாமல்.

சிங்காநல்லூரில் பஸ் ஏறினாள். சூலூர் தாண்டும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே நினைத்தாள். அப்பா பண்ணையில் இருக்கும் நேரத்தில் அவர்கள் வர வேண்டும். அம்மா ஒருத்தி இருந்தால் போதும். காய்ந்த தோட்டத்தையும் மாடில்லாத கட்டுத்தரையையும் பார்த்தாலே எழுதிவிடுவார்கள். சாமியைக் கும்பிட்டாளா மிரட்டினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

தோட்டத்துத் தடத்தில் திரும்பியதும் வாசலில் ஒரு கார் நின்றது. காருக்குப் பக்கத்தில் அப்பாவின் டிவிஎஸ்ஸும் நின்றது.

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

ஆசாரம் என்கிற முன்கூடத்தில் பக்கத்துத் தோட்டத்து நாற்காலிகள். ஒன்றில் நரைத்த தலையும் கண்ணாடியுமாகப் பாலுசாமி உட்கார்ந்திருந்தார். நேர்காணலில் அவளிடம் அதிகம் கேள்வி கேட்டவர் அவர்தான். பக்கத்தில் பட்டுக்கரைச் சேலையில் ஒரு அம்மாள். எதிரே அப்பா. வெள்ளைச் சட்டையில், கால்மேல் கால் போட்டு, முகமெல்லாம் பல்லாக.

"குடிங்க, குடிங்க. நம்ம போர்த் தண்ணிதானுங்க. எளநியாட்டம் இருக்கும்" என்று செம்பை நீட்டிக்கொண்டிருந்தார். அது வாரம் ஒருமுறை லாரியில் வந்து ட்ரம்மில் நிரப்பிய தண்ணீர்.

பாலுசாமி அவளைப் பார்த்தார். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அது அவர்கள் முறை.

அப்பா, "இதுதானுங்க நம்ம அம்மணி. படிப்புல கெட்டி. சமையலும் வரும்" என்றார். "உள்ள போ கண்ணு. அம்மா கூப்படறா."

சமையலறையில் அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கழுத்தில் போட்டிருந்த சங்கிலியைச் சரி செய்துகொண்டிருந்தாள். அதுவும் பக்கத்துத் தோட்டத்தினுடையது. "மொகத்தக் கழுவு, வெசையா. மாப்ள ஊட்டுக்காரங்க வந்துருக்காங்க" என்றாள்.

"எந்த மாப்ள?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் தரகர் ஃபோன் செய்திருக்கிறார். காங்கேயத்துப் பக்கம் நல்ல இடம். இன்றைக்கோ நாளைக்கோ, சொல்லிக்கொள்ளாமல் ஒரு நடை வந்து வீடு வாசல் பார்த்துப் போவார்கள். பிடித்தால் மேலே பேசலாம். அப்பா பண்ணைக்குப் போகவில்லை. "இந்த வருசம் உன்ற ஃபீஸக் கட்ட வழியில்ல கண்ணு. படிப்ப நிறுத்திப்போட்டு இதையாச்சும் முடிச்சுப்போடலாம்ங்கறாரு. நான் என்னத்தச் சொல்றது?"

"அம்மா, அவங்க காங்கேயத்துக்காரங்க இல்ல. அறக்கட்டளைல இருந்து வந்துருக்காங்க. அந்தக் கண்ணாடி போட்டவரு என்னைய இன்டர்வியூ பண்ணுனவரு."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. "வந்தவங்கள யாரு என்னன்னு கேக்கலையா?" என்று லோகப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒறம்பரை வந்து உக்காந்தவொடனே எதுக்கு வந்தீங்கன்னு எப்புடிக் கேக்கறது? நல்லாவா இருக்கும்?"

இதுதான் நம் சீமையின் சங்கதி. வாசலில் வந்து நின்றவரை வாங்க என்போம். தண்ணீர் கொடுப்போம், காப்பி கொடுப்போம், சோறு போடாமல் அனுப்ப மாட்டோம். வந்த காரணத்தை அவர்களாகச் சொல்லும் வரை கேட்க மாட்டோம், கேட்டால் மரியாதைக் குறைவு. வந்தவர்களுக்கோ சொல்லக் கூடாது என்று அறக்கட்டளை உத்தரவு. ஆக, இரண்டு பக்கமும் கேட்காமலும் சொல்லாமலும் அவளுடைய படிப்பை மரியாதையாகக் குழிதோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் பெருமை பேச வேண்டிய தேவையே இல்லை. இந்தக் காலத்தில் பெண் கிடைக்காமல் மாப்பிள்ளை வீட்டார்தான் செருப்புத் தேய அலைகிறார்கள். கட்டின சேலையோடு அனுப்பினாலும் போதும் என்கிறார்கள். ஆனாலும் ஈஸ்வரமூர்த்திக்கு விட மனசு வராது.

"அப்பாவ உள்ள கூப்புடுங்கம்மா."

அம்மா நிலைப்படியில் நின்று, "ஏனுங், சித்தே வந்துட்டுப் போங்" என்றாள். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் அசைத்தார். இருமிப் பார்த்தாள். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தாள். வந்தவர்களைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து வருகிற ஆளா அவர்?

அவருடைய குரல் மட்டும் உள்ளே வந்துகொண்டே இருந்தது. மாடெல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருக்குதாம். கோழிப்பண்ணை ஒன்று ஓடுதாம், இன்னொன்று போடலாமா என்று யோசனையாம். தென்னைக்கு வயசாகிவிட்டது, வெட்டிவிட்டு வேறு வைக்கப் போகிறாராம். லோகப்பிரியா காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது அந்த அம்மாள் கேட்டாள்:

"புள்ள காலேஜுக்கு ஃபீஸெல்லாம் எப்புடிங்க கட்டறீங்க? செரமமா இருக்குமே?"

"செரமம் என்னங்க செரமம்" என்று அப்பா சிரித்தார். "இந்த வருசத்துக்கு ஒரே தவணைல கட்டிப்போட்டமுங்க. என்ற புள்ளைக்கு நான் ஒரு கொறையும் வெச்சதில்ல."

லோகப்பிரியா தட்டை நீட்ட, ஆளுக்கொரு டம்ளரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். காலையில் அந்த ஜன்னல்முன் நின்றது அவளுக்கு நினைவு வந்தது. நாளை கமிட்டி. திங்கட்கிழமை மற்றவர்கள் எல்லாம் பரீட்சை ஹாலுக்குள் போவார்கள். அவள் இங்கே காங்கேயத்துக்காரர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருப்பாள். பாலுசாமி மெல்லத் தலையாட்டிவிட்டு மூடிய பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்பது அந்தச் செருகலிலேயே தெரிந்தது.

"அவரு சொல்றது எதுவும் நெசமில்லீங் சார்" என்றாள் லோகப்பிரியா.

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"அம்மணி, உள்ள போ."

"போர்ல தண்ணி இல்லீங் சார். நீங்க குடிச்சது லாரித் தண்ணி. மாடு ஒண்ணுகூட இல்ல, எல்லாம் வித்தாச்சு. பண்ணை எங்களுது இல்ல. இந்தச் சேரு பக்கத்துத் தோட்டத்தது. எங்கம்மா போட்டிருக்கற சங்கிலியும் அவங்களுதுதான். ஃபீஸ் கட்டலைன்னு இன்னைக்கு என்னைய ஹால் டிக்கெட் இல்லாம அனுப்பிட்டாங்க." மூச்சு வாங்கியது. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயமாக இருந்தது. "எங்கப்பா அந்தப் பண்ணைல கூலி வேலைக்குப் போறாருங். வெள்ளச் சட்டையப் போட்டுட்டுப் போயி, அங்க லுங்கி கட்டி எரு அள்ளறாரு."

சொன்ன பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எரு அள்ளுவதுகூட மகளுக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் சட்டையின் மேல் பித்தானைப் போட்டார். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

"இவங்க என்னைய பொண்ணு பாக்க வரலீங்ப்பா. எனக்கு உதவித்தொகை குடுக்கலாமான்னு ஊடு பாக்க வந்துருக்காங்க."

பாலுசாமி எழுந்து கும்பிட்டார். பாவம், அவருக்கும் வியர்த்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க. எங்க முறை அப்புடிங்க, மொதல்லயே சொல்லக் கூடாது. இவங்க சாந்தாமணி, நான் பாலுசாமி. அறக்கட்டளைல இருந்து வாரோம்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா ஒண்ணுங்க. அப்பா ஒண்ணு சொல்றீங்க, புள்ள அதுக்கு நேர்மாறாச் சொல்லுது. புள்ள பேச்ச மட்டும் வெச்சு நான் எழுத முடியாது. நீங்க உங்க வாயால மாத்திச் சொல்லோணும். நாளைக்கு கமிட்டி. நீங்களே சொல்லுங்க, எத எழுதட்டும்?"

ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். யாரையும் பார்க்காமல் வாசலில் இறங்கிப் போய்விட்டார்.

முடிந்தது என்று லோகப்பிரியா நினைத்தாள். டிவிஎஸ்ஸை உதைக்கும் சத்தம் வரும், அது தடத்தில் போய்த் தேயும், இவர்கள் காரில் ஏறுவார்கள். படிப்பும் போயிற்று, அப்பாவும் போய்விட்டார். ஒரே மூச்சில் இரண்டையும் தொலைத்த கெட்டிக்காரி தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அம்மா நிலைப்படியில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சாந்தாமணி, காப்பி ஆறுகிறதே என்பதுபோல டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிவிஎஸ் சத்தம் வரவில்லை.

"ஏனுங்" என்று தோட்டத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "சித்தே இந்தப் பக்கம் வந்துட்டுப் போங்."

எல்லோரும் போனபோது அவர் போருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மோட்டார் போன பிறகு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. பைப்பின் வாயில் மூடியைப் போட்டு, மேலே பாறாங்கல்லை வைத்திருந்தார்கள். வெள்ளை வேட்டியோடு குனிந்து அந்தக் கல்லைப் புரட்டித் தள்ளினார். சட்டையில் செம்மண் அப்பியது. மூடியைத் திருகி எடுத்தார். கீழே கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுத்து, பாலுசாமி பக்கம் காட்டிவிட்டு, உள்ளே போட்டார்.

கல் பைப்பில் மோதி மோதி இறங்கியது. சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. எல்லோரும் குனிந்து கேட்டார்கள். தண்ணீரில் விழுகிற சத்தம் வரவே இல்லை.

"ரண்டு வருசமாச்சுங்க" என்றார் அப்பா. "என்ற அப்பன் சொத்துல பாதி இதுக்குள்ளதான் கெடக்குது." குழியைப் பார்த்தே பேசினார். "அம்மணி சொன்னது நெசந்தானுங்க. பங்காளி பண்ணைலதான் வேல செய்யறேன். எரு அள்ளறேன். ஃபீஸ் கட்டறதுக்கு என்னால ஆகலீங்க." அதற்குப் பிறகுதான் அவரால் நிமிர முடிந்தது. "எழுதிக்குங்க."

பாலுசாமி அங்கேயே, காரின் முன்பக்கத்தில் வைத்து எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. "கமிட்டில நான் பேசிக்கறேனுங்க. எங்க ரண்டு பேரு சிபாரிச இதுவரைக்கும் தட்டுனதில்ல" என்றார் பாலுசாமி. "காலேஜுக்கும் நானே ஃபோன் போட்டுச் சொல்லிப்போடறேன். திங்கட்கெழமை புள்ள பரிச்சை எழுதட்டும்." சாந்தாமணி மட்டும் திரும்பி உள்ளே போய், ஆறிப்போன காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு வந்து, "போயிட்டு வாரேனுங்க அக்கா" என்று அம்மாவிடம் விடைபெற்றாள்.

கார் போனது. லோகப்பிரியாவுக்கு அழுகைதான் வந்தது, அதுவும் சந்தோஷத்தில் வந்தது இல்லை. கிடைத்துவிடும் என்று ரிஃபானாவுக்குச் சொல்ல வேண்டும். ஃபோனை எடுக்கக் கை வரவில்லை. மேடைக்கே வந்து பையைத் திருப்பிக் கொடுத்த மனுஷனை, அந்நியர்கள் முன்னால் வெறுங்குழிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

அப்பா பாறாங்கல்லைத் திரும்பப் போரின் மேல் உருட்டி வைத்துவிட்டு வந்தார்.

"எனக்கு மொதல்லயே சொல்லீருக்கலாமில்ல, கண்ணு."

"சொன்னா வேண்டாம்னிருப்பீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா" என்றார்.

தடத்தில் மறுபடியும் புழுதி கிளம்பியது. இன்னொரு கார், இன்னும் பெரிய கார். வெள்ளைச் சட்டைக்காரர்கள் இருவர், நகை போட்ட அம்மாள் ஒருத்தி. காங்கேயத்துக்காரர்கள் என்று யாரும் சொல்லவே வேண்டியதில்லை. அம்மா பதறிப்போய்ச் சங்கிலியை இழுத்து வெளியே தெரிகிற மாதிரி விட்டுக்கொண்டாள்.

"அதக் கழட்டு" என்றார் அப்பா. "கொண்டுபோயிக் குடுத்துப்போட்டு வா." சட்டையில் இருந்த மண்ணைத் தட்டப் போனவர், தட்டாமல் விட்டுவிட்டார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க" என்று அவர்களை நாற்காலிகளில் உட்கார வைத்தார். யார், எதற்கு வந்தீர்கள் என்று அப்போதும் கேட்கவில்லை. ட்ரம்மில் மொண்டு செம்பைக் கொண்டுவந்து பெரியவரிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடிங்க. லாரித் தண்ணிதானுங்க, வெலைக்கு வாங்குனது. நம்ம போர்ல தண்ணி இல்ல."

பெரியவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் குடித்து முடிக்கும் வரை அப்பா அங்கேயே நின்றார்.